உறவும் உத்தியோகமும்: மலாயாவுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவர்

யாழ்ப்பாணக் கிராமங்களில் ‘மலாயாப் பென்சனியர்’ என்ற பெயர் நீண்டகாலம் வழக்கிலிருந்தது. அவரது ஓய்வூதியம் தனிமனித முயற்சிக்கும் சிக்கனத்துக்கும் கிடைத்த பரிசென்றே பொதுவாகக் கருதப்பட்டது. எனினும் அம்முயற்சிக்கு இடமளித்த பொருளாதாரச் சூழலை நோக்காது அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைக்குமிடையே மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. ஈயத்தோடும் பின்னர் இறப்பரோடும் விரிவடைந்த நிருவாகத்துக்கு ஆங்கிலமறிந்த எழுதுவினைஞரும் புகையிரத நிலைய அதிபரும் தேவைப்பட்டனர். மறுபுறத்தில், 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினறி முதலாக வளர்ந்த மிஷன் கல்வி, உள்ளூரில் போதிய உத்தியோகம் காணாத ஒரு படித்த வகுப்பை உருவாக்கியிருந்தது. இவ்விரு நிலைமைகளின் சந்திப்பே மலாயாப் பயணமாகும்.

முதலிற் சென்றவரின் வீடு பின்வந்தோருக்குப் புகலிடமாயிற்று. தமையனையோ மாமனையோ காணச் சென்ற இளைஞன் அங்கேயே தங்கி, விண்ணப்பமெழுதி, உத்தியோகம் பெற்றான். உறவினரைக் காணல், வேலை தேடல், குடியேறல் ஆகியன அன்று ஒரே பயணத்தின் படிகளாயிருந்தன. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1904இல் இலங்கைத் தமிழர் நிறுவிய விவேகானந்த ஆசிரமம், அவர்கள் அங்கு வேரூன்றியமைக்குச் சான்றாகும்.

உறவு எல்லாருக்கும் ஒரே பயனை அளித்ததெனக் கொள்ளலாகாது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரும் தம் உறவினரையும் ஊரவரையுமே இறப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றனர். ஆங்கு உறவே கடனாகவும் கட்டுப்பாடாகவும் மாறியது. எழுதுவினைஞருக்கு வழிதிறந்த உறவு, தோட்டத் தொழிலாளரைப் பிணிக்கும் கயிறாயிற்று. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தது.

1942 முதல் 1945 வரையான யப்பானிய ஆட்சி குடும்பங்களைக் கடலின் இருபுறமும் பிரித்துவைத்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் புதியோரின் வருகையைக் கடுமையாக மட்டுப்படுத்தியது. 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபின், ஒரே குடும்பத்தவர் இருநாட்டுப் பிரசைகளாயினர். காணச் செல்வோர் வேறு, குடியேறுவோர் வேறு என்ற பிரிவு இவ்வாறு நிலைபெற்றது.

உறவின் தன்மை மாறவில்லை. உழைப்பை வேண்டிநின்ற அரசின் தேவையே மாறியது. இன்று உறவினரைக் காண வீசாக் கோருபவர் தாம் திரும்பிவருவாரென்பதை நிரூபிக்க வேண்டியவராகின்றார். ஒருகாலத்தில் தகுதியாயிருந்த உறவு இன்று ஐயத்துக்குரிய காரணமாயுள்ளமையை, இவ்வரலாற்றின் ஒளியிலேயே நோக்குதல் வேண்டும்.