விளையாட்டு வீரர்களின் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்வும் மனநல உதவியும்: ஒரு வரலாறு

பெரும்பாலான தொழில்களில் ஓய்வு அறுபது வயதையொட்டி வருகிறது. போட்டி விளையாட்டில் அது இருபதுகளின் இறுதியிலோ முப்பதுகளிலோ வந்துவிடுகிறது. சீருடற்பயிற்சி, நீச்சல் போன்றவற்றில் இன்னும் முன்னதாகவே வரக்கூடும். வாழ்நாளில் பாதிக்கும் மேல் மீதமிருக்கும்போது, சிறு வயது முதல் செய்துவந்த ஒரே வேலை முடிந்துபோகிறது. இந்த மாற்றத்தை மனதளவில் எதிர்கொள்ள வீரர்களுக்கு உதவுவது இன்று விளையாட்டு உளவியலில் தனி ஆய்வுத் துறையாக வளர்ந்துள்ளது. பரிசும் வேலையும் கொடுத்தால் போதும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 'இனி நான் யார்?' என்ற வீரரின் கேள்விக்கும் துணை நிற்க வேண்டும் என்ற புரிதல் பிறகுதான் உருவானது.

பண்டைய கிரேக்கம்

ஒலிம்பியாவில் வென்றவர்களுக்கு ஏதென்ஸ் நகரம் தன் பொது மண்டபத்தில் வாழ்நாள் முழுவதும் இலவச உணவு அளித்தது. வெற்றியாளரின் பிற்கால வாழ்வுக்கு ஓர் அரசு செய்துகொடுத்த மிகப் பழைய ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. ஆனால் வயிற்றுக்குச் சோறு கிடைப்பதால் மட்டும் மனக்குறை தீர்வதில்லை என்பதையும் அதே கிரேக்கர்களின் பதிவுகளில் காணலாம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பயண எழுத்தாளர் பௌசேனியஸ், கிளியோனை ஊரைச் சேர்ந்த திமாந்தெஸ் என்ற ஒலிம்பிக் வெற்றியாளரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். மற்போரும் குத்துச்சண்டையும் கலந்த பங்கிராசியப் போட்டியில் வென்றவர் அவர். போட்டிகளை விட்ட பிறகும் தினமும் ஒரு பெரிய வில்லை வளைத்துத் தம் வலிமையைச் சோதித்துவந்தார். ஒருமுறை வெளியூர் சென்றிருந்தபோது இந்தப் பழக்கம் விட்டுப்போனது. திரும்பி வந்து பார்த்தபோது வில்லை வளைக்க முடியவில்லை. அதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் அவர் தீ மூட்டி உயிரை மாய்த்துக்கொண்டார். இது வீரமல்ல, பித்து என்பது பௌசேனியஸின் தீர்ப்பு. இன்றைய உளவியல் இதே நிகழ்வை வேறு விதமாகப் பார்க்கும். தம் மதிப்பு முழுவதையும் உடல் வலிமை ஒன்றிலேயே வைத்திருந்த மனிதருக்கு, அது குறைந்த நாளில் பற்றிக்கொள்ள வேறு எதுவும் இருக்கவில்லை.

பகுதிநேர விளையாட்டிலிருந்து முழுநேர விளையாட்டுக்கு

நவீன ஒலிம்பிக்கின் முதல் பல பத்தாண்டுகளில் பணத்துக்காக விளையாடாதவர்களே பங்கேற்கலாம் என்ற விதி இருந்தது. ஏழை வீரர்களை இவ்விதி ஒதுக்கியது உண்மை. எனினும் விளையாடியவர்களில் பலருக்குப் படிப்போ தொழிலோ கூடவே இருந்தது. 1954 மே 6 அன்று ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, முதன்முதலாக நான்கு நிமிடத் தடையை உடைத்த ராஜர் பானிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். அதே ஆண்டில் போட்டிகளிலிருந்து விலகினார். பின்னர் நரம்பியல் மருத்துவராகப் பெயர் பெற்றார். ஓட்டம் முடிந்தபோது அவருடைய அடுத்த வாழ்க்கை ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 1968இல் டென்னிஸின் பெரிய போட்டிகள் தொழில்முறை வீரர்களுக்கும் திறக்கப்பட்டன. பனிப்போர்க் காலத்தில் அரசுகளே வீரர்களை இளம் வயதில் தேர்ந்தெடுத்து முழுநேரமாகப் பயிற்றுவித்தன. உணவு, உறக்கம், பயணம், நட்பு என எல்லாமே விளையாட்டைச் சுற்றி அமைந்தன. திறமை வளர்ந்தது, வாழ்க்கை குறுகியது.

சுவீடனின் பியோன் போர்க் 11 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்ற பின் 1983இல், 26 வயதில் ஓய்வை அறிவித்தார். 1991இல் மீண்டும் களமிறங்கியபோது மற்றவர்கள் புதிய வகை மட்டைகளுக்கு மாறியிருந்தார்கள்; அவர் கையில் பழைய மரமட்டை இருந்தது. திரும்பி வந்த அந்தக் காலத்தில் அவரால் முதன்மைச் சுற்றுப் போட்டிகளில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை.

ஆய்வுகள் காட்டிய மாற்றம்

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் முதுமை, மரணம் ஆகியவை குறித்த கோட்பாடுகளைக் கடன் வாங்கினார்கள். மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளைப் பற்றி எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் முன்வைத்த மறுத்தல், கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகள் வீரர்களின் ஓய்வுக்கும் பொருத்தப்பட்டன. வீரரின் துயரத்துக்கு ஒரு பெயர் கொடுத்தது இதன் பயன். ஆனால் முப்பது வயதில் ஓய்வுபெறுபவர் முதியவருமல்ல, இறப்பவருமல்ல.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜே கோக்லி 1983இல் இந்த ஒப்பீட்டைக் கேள்விக்குள்ளாக்கினார். விளையாட்டை விட்டு விலகுவது சிலருக்கு மறுபிறப்பாகவும் அமையலாம் என்று அவர் வாதிட்டார். ஏறத்தாழ இதே காலத்தில், நான்சி ஷ்லாஸ்பர்க் 1981இல் வெளியிட்ட வாழ்க்கை மாற்றம் பற்றிய கோட்பாடும் விளையாட்டு ஆய்வுக்குள் வந்தது. ஒரு மாற்றம் எவ்வளவு பாதிக்கும் என்பது அந்த மாற்றத்தின் தன்மை, அதைச் சந்திப்பவர், அவரைச் சுற்றியுள்ள சூழல் ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பது அதன் சாரம்.

1993இல் பிரிட்டன் புரூவர் தலைமையிலான குழு, ஒருவர் தம்மை எந்த அளவுக்கு விளையாட்டு வீரராக மட்டுமே காண்கிறார் என்பதை அளவிடும் கருவியை விளக்கியது. இந்த அடையாளம் ஹெர்குலிஸின் தசையா, அக்கிலிஸின் குதிகாலா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. கடும் பயிற்சியைத் தாங்கவைக்கும் அதே பற்றுதான் ஓய்வின்போது பலவீனமாகிறது. வயது, அணியில் இடம் இழப்பது, காயம், சொந்த விருப்பம் ஆகிய நான்கும் ஓய்வுக்கான முக்கியக் காரணங்கள் என 1994இல் ஜிம் டெய்லரும் புரூஸ் ஓகில்வியும் வகுத்தனர். சொந்த விருப்பத்தால் விலகுபவரைவிட, காயத்தாலோ நீக்கத்தாலோ திடீரென விலக நேர்பவருக்கே சிரமம் அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டின.

உதவித் திட்டங்கள்

கனடா 1985இல் ஒலிம்பிக் வீரர்களுக்கான தொழில் வழிகாட்டு மையத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய திட்டம் ஒன்று, வீரர்களைச் சிறு குழுக்களாக அமரவைத்து, ஓய்வு தரும் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசவைத்தது. இலக்கு வைத்து உழைத்தல், தோல்வியிலிருந்து மீளுதல் போன்ற, களத்தில் கற்ற திறன்கள் வேறு வேலைக்கும் உதவும் என்பதையும் உணர்த்தியது. ஆஸ்திரேலியாவில் 1990களில் வளர்ந்த திட்டம், ஆடிக்கொண்டிருக்கும்போதே வீரர்களுக்குக் கல்வி, தொழில் ஆலோசனையை வழங்கியது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2005இல் தன் தொழில்வாழ்க்கைத் திட்டத்தைத் தொடங்கியது. 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் தாம் கடும் மனச்சோர்வுக்கு ஆளானதை 2018இல் வெளிப்படையாகப் பேசினார். 2019இல் ஒலிம்பிக் குழு வீரர்களின் மனநலம் குறித்து நிபுணர்களின் கருத்தொருமிப்பு அறிக்கையை வெளியிட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் உதவி என்பது முதலில் பொருளுதவியாகவே வந்தது. வறுமையில் வாடும் வீரர்களுக்கான தேசிய நல நிதி 1982இலும், சாதனை வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் 1994இலும் ஏற்படுத்தப்பட்டன. ரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை அளிக்கின்றன. பல குடும்பங்களைக் காத்த ஏற்பாடு இது. ஆனால் மனத்தின் பக்கம் நெடுங்காலம் பேசப்படவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, அந்த வெற்றிக்குப் பின் தம்மைச் சூழ்ந்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது இந்த மௌனத்தைக் கலைத்தவற்றுள் ஒன்று.

திடீர் விலகலின் கொடுமைக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்து போன்ற எந்தக் குற்றச்சாட்டும் அவர்மீது இல்லை. பதக்கத்தோடு அவருடைய ஓட்ட வாழ்க்கையும் முடிந்தது. ஒரு காலத்தில் செங்கல் சூளையில் கூலி வேலை செய்த அவர், பிறகு பயிற்சியாளருக்கான படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார்.

2024 ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு நாளன்று, ஓய்வுபெற்ற வீரர்களுக்கான தொழில் பயிற்சித் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. வேலைக்குத் தயார்ப்படுத்துவதே அதன் மையம்.

இன்றைய புரிதல்

இன்று பரிந்துரைக்கப்படும் உதவியின் அடிப்படைகள் எளியவை. ஓய்வைப் பற்றிய பேச்சு, வீரர் உச்சத்தில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். படிப்பையோ வேறொரு கைத்திறனையோ கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சியை ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்பது உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. பழைய அணித் தோழர்களின் தொடர்பு அறுந்துபோகக் கூடாது. உறக்கமின்மையோ நீங்காத சோர்வோ தொடர்ந்தால், காயத்துக்கு மருத்துவரை நாடுவது போலவே மனநல மருத்துவரையும் நாட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பெரிய நிதி இல்லாமலேயே ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியரோ மாவட்டப் பயிற்சியாளரோ தொடங்கிவைக்க முடியும்.