மரத்தடி மருத்துவமும் வேலூர்ச் செவிலியரும்

வேலூர், ஆம்பூர் என்றாலே தோல் பதனிடும் தொழில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பகுதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது நோயாளியைத் தேடிச் சென்ற மருத்துவத்தின் வரலாறு.

இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர், 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கை மருத்துவமனையும், 1909இல் செவிலியர் பள்ளியும் உருவாயின. குடியாத்தம் சாலையில் ஆங்காங்கே வண்டியை நிறுத்தி, மரத்தடியில் காத்திருந்த கிராம மக்களுக்கு மருந்து கொடுத்தனர். புண், காய்ச்சல், கண்நோய் என வந்தவர்களோடு தொழுநோயாளிகளும் வந்தனர்.

தொழுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெளிறிய அல்லது சிவந்த தேமலைப் பஞ்சு நுனியால் தொட்டால் உணர்ச்சி இல்லாதிருப்பதும், நரம்பு தடித்திருப்பதும் முக்கிய அறிகுறிகள். தேமல் வலிக்காது, அரிக்காது. அதனால்தான் பலர் அதைப் பொருட்படுத்தாமல் காலம் கடத்திவிடுகிறார்கள்.

தொழுநோயால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே மக்கள் நம்பினர். 1946இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அதற்குக் காரணம் என்று எடுத்துக் காட்டினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் அமைந்தது. பாதத்தை நீரில் ஊறவைப்பது, எண்ணெய் தடவுவது, தினமும் காயம் பார்ப்பது, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு அணிவது ஆகியவை சிகிச்சையின் பகுதியாயின. உலகுக்கே காலணி செய்யும் ஊர்ப்பக்கத்தில், செருப்பும் ஒரு மருந்தானது!

1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்து நோயைக் குணமாக்குகிறது. ஆனால் இழந்த உணர்ச்சி எல்லோருக்கும் திரும்புவதில்லை. எனவே தேமலை முதலில் பார்க்கும் கிராமச் செவிலியரின் கண்ணே இன்றும் ஒருவரின் கைகால்களைக் காப்பாற்றுகிறது.