மொகாதிஷு, 1991 ஜனவரி

சோமாலியத் தலைநகர் மொகாதிஷுவுக்குள் ஐக்கிய சோமாலிய காங்கிரஸின் கிளர்ச்சிப் படை 1990 டிசம்பர் 30 அன்று நுழைந்தது. சியாத் பாரே ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. தொடக்கத்தில் அவருக்குத் துணை நின்றது சோவியத் ஒன்றியம். 1977இல் எத்தியோப்பியாவின் ஒகாடன் பகுதியைப் பிடிக்க அவர் படை அனுப்பியபோது, மாஸ்கோ எத்தியோப்பியாவின் பக்கம் சாய்ந்தது. பாரே போரில் தோற்றார்; பிறகு அமெரிக்க உதவியை நாடினார். 1988இல் வடக்கே ஹர்கெய்சா நகரில் எழுந்த கிளர்ச்சியை அடக்க, அவருடைய விமானப்படை தன் நாட்டு நகரத்தின் மீதே குண்டு வீசியது. அந்த விமானங்கள் கிளம்பியதும் ஹர்கெய்சாவின் விமான நிலையத்திலிருந்துதான். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பனிப்போர் முடிந்ததும் வெளிநாட்டு உதவி வற்றியது. நாட்டின் பெரும்பகுதி கைவிட்டுப்போய், கடைசியில் பாரேயிடம் எஞ்சியது தலைநகரும் அதன் சுற்றுப்புறமுமே.

அந்த நகரத்தில் இரண்டு கொரியத் தூதரகங்கள் இருந்தன. அன்று வட கொரியாவும் தென் கொரியாவும் ஐ.நா. உறுப்பினர்கள் அல்ல, பார்வையாளர்கள் மட்டுமே. ஆப்பிரிக்க நாடுகளின் வாக்குகளைத் தம் பக்கம் திரட்ட இரண்டும் போட்டியிட்டன. வட கொரியா 1960களிலேயே சோமாலியாவில் கால் ஊன்றிவிட்டது. தென் கொரியா 1980களின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தது. ஒரு கொரியத் தூதர் மற்றவரின் காரியத்தைக் கெடுப்பதே இருவருக்கும் அன்றாட வேலையாக இருந்தது.

சண்டை தெருத்தெருவாகப் பரவியதும் அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் பிஷப் வாஷிங்டனிடம் மீட்புப் படை கேட்டார். வளைகுடாப் போருக்காக ஓமான் கடற்பரப்பில் நின்ற குவாம், டிரென்டன் என்ற இரண்டு கப்பல்கள் தெற்கே விரைந்தன. ஜனவரி 5 விடியுமுன் 60 வீரர்களுடன் இரண்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பி, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கடல்மேல் ஏறக்குறைய 860 கிலோமீட்டர் பறந்து வந்தன. ஆனால் தூதரகம் புதிய வளாகத்துக்கு மாறியிருந்தது. விமானிகளிடம் இருந்த தகவலோ பழையது. முதல் சுற்றில் அவர்களால் இடத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றிரவு குவாம் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்கள் அலை அலையாக வந்தன. அந்த நேரத்தில் சோமாலியப் போலீஸ் மேஜர் ஒருவர் கையில் எறிகுண்டோடு வாசலில் வந்து நின்றார். மக்களை ஏற்றினால் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தச் செய்வேன் என்றார். பணமும் ஒரு காரின் சாவியும் கொடுத்துத்தான் அவரைச் சமாதானப்படுத்த முடிந்தது. மொத்தம் 30 நாடுகளைச் சேர்ந்த 281 பேர் வெளியேறினார்கள். ஒரு காலத்தில் சோமாலியாவின் புரவலராக இருந்த சோவியத் ஒன்றியத்தின் தூதரும் அவருடைய ஊழியர்களும் அமெரிக்க ஹெலிகாப்டரில்தான் தப்பினார்கள். தூதரகத்தில் வேலை பார்த்த சோமாலியர்களை அழைத்துச் செல்லவில்லை. கடைசி ஹெலிகாப்டர் எழும்பியதும் கொள்ளையர் வளாகத்துக்குள் புகுந்தனர்.

கொரியர்களுக்காகக் கப்பல் எதுவும் வரவில்லை. ஜனவரி 9 அன்று விமான நிலையத்தில், விமானம் கிடைக்காமல் தவித்த தென் கொரியத் தூதர் காங் ஷின்-சுங், அதே நிலையில் இருந்த வட கொரியத் தூதரக மக்களைச் சந்தித்தார். அவர்களுடைய தூதரகம் கொள்ளையடிக்கப்பட்டிருந்தது. போக இடமில்லாத அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார் காங். எதிரி நாட்டவரோடு பேசினாலே குற்றமாகக்கூடிய காலத்தில் அவர்கள் ஒரே கூரையின்கீழ் சமைத்துச் சாப்பிட்டார்கள். விமானம் அனுப்பும் நிலையில் இருந்த இத்தாலிக்கு வட கொரியாவுடன் தூதரக உறவே இல்லை. ஆயினும் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று காங் விடாமல் வாதாடினார். மறுநாள் கார்களில் இத்தாலியத் தூதரகத்தை நெருங்கும்போது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு காரை ஓட்டிய வட கொரியர் உயிரிழந்தார். ஜனவரி 12 அன்று இத்தாலிய ராணுவ விமானம் மற்றவர்களைக் கென்யாவின் மொம்பாசாவில் இறக்கியது. அங்கே இரு தரப்பும் பிரிந்தன. அதே மாத இறுதியில் பாரே நகரை விட்டு ஓடினார். எந்த அவைக்காகப் போட்டியிட்டார்களோ அந்த ஐ.நா.வில் இரு கொரியாக்களும் 1991 செப்டம்பர் 17 அன்று ஒன்றாகவே உறுப்பினராயின.

இந்த நிகழ்வைப் பின்னாளில் காங் நாவலாக எழுதினார். இயக்குநர் ரியூ சியுங்-வான் எடுத்த 'மொகாதிஷு' திரைப்படம் 2021 ஜூலையில் வெளியாகி, அந்த ஆண்டு தென் கொரியாவில் அதிக வசூல் ஈட்டிய கொரியப் படமானது. புத்தகங்களையும் மணல் மூட்டைகளையும் கவசமாகக் கட்டிக்கொண்டு கார்கள் விரையும் காட்சி எளிதில் மறக்காது. இதைவிட நுட்பமானது வேறொன்று. வட கொரியர் பேசும் கொரிய மொழிக்கும் படத்தில் கொரியத் துணையெழுத்து உண்டு. இரு நாடுகளும் எவ்வளவு தூரம் விலகிவிட்டன என்பதை அது ஒன்றே சொல்லிவிடுகிறது. சோமாலியர்களைப் பொறுத்தவரை படம் குறைபட்டது. அவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய கூட்டமாகவே வருகிறார்கள். ஹர்கெய்சாவின் துயரத்துக்கு அதில் இடமில்லை. மொகாதிஷுவில் நடந்த கதையை அங்கேயே படமாக்கவும் வழியில்லை. தென் கொரியா தன் குடிமக்கள் சோமாலியா செல்வதைத் தடை செய்திருந்ததால், மொராக்கோவின் எஸ்ஸவீரா நகரமே திரையில் மொகாதிஷுவாக நிற்கிறது.