இரு களங்களில் ஒருத்தி

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காலையில் கபடி ஆடிய அதே பெண் மதியம் கோகோ அணியில் இருப்பாள். மாலையில் 400 மீட்டர் ஓடுவாள். பின்னாளில் விளையாட்டு விடுதிக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்றைத்தான் அவள் எழுத முடியும். எதையும் விட மறுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசிக்கும்போது எல்லிஸ் பெர்ரி நினைவுக்கு வருகிறார்.

1990இல் சிட்னியில் பிறந்த பெர்ரி, 2007 ஜூலை 22 அன்று டார்வினில் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியில் அறிமுகமானார். அப்போது வயது 16. பதின்மூன்றே நாட்களில் ஹாங்காங்குக்கு எதிராக நாட்டின் கால்பந்து அணியிலும் ஆடினார். தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல் அடித்தார். 2009இல் கிரிக்கெட் உலகக் கோப்பை. 2011இல் ஜெர்மனியில் கால்பந்து உலகக் கோப்பை. அங்கே காலிறுதியில் ஸ்வீடனிடம் ஆஸ்திரேலியா 3-1 என்று தோற்றது. அந்த ஒற்றை கோல் பெர்ரி இடது காலால் அடித்தது.

2012இல் அவருடைய கான்பெரா கால்பந்துக் கழகம், கால்பந்துக்கே முதலிடம் தர வேண்டும் என்றது. பெர்ரி இசையவில்லை, சிட்னி கழகத்துக்கு மாறினார். 2013 பிப்ரவரியில் மும்பை பிராபோர்ன் மைதானத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம். கணுக்காலில் காயம். பந்து வீச ஓடிவந்து பாதியில் நின்றார், மீண்டும் ஓடிவந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் மூன்று விக்கெட்டுகளை அவர் 19 ரன்களுக்கு வீழ்த்த, கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு.

இதே கேள்வி ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன் நம்மவர் ஒருவர் முன்னும் வந்து நின்றது. செங்கல்பட்டுப் பக்கத்து மொரப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன் 1934இல் இந்தியாவுக்காகக் கிரிக்கெட் டெஸ்ட் ஆடினார். 1935இல் தியான்சந்துடன் ஹாக்கி அணியில் நியூசிலாந்து சென்றார். 1936இல் இரண்டில் ஒன்று என்றானபோது, பெர்லின் ஒலிம்பிக்கை விட்டு இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. கோபாலனுக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் லாட்டி டாட். 1887இல் 15 வயதில் விம்பிள்டனை வென்றவர். மொத்தம் ஐந்து முறை. பிறகு இங்கிலாந்து ஹாக்கி அணி, 1904இல் பிரிட்டிஷ் மகளிர் கோல்ஃப் பட்டம், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெள்ளி. தந்தை பருத்தி வணிகத்தில் பொருள் சேர்த்தவர். லாட்டி பிழைப்புக்காக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

எனக்கு முடிச்சு இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. பெர்ரி ஆடவந்த காலத்தில் பெண்களுக்கு இவ்விரு ஆட்டங்களிலும் பெரிய பணம் கிடையாது. முழுநேரத்தையும் விலைக்கு வாங்க ஆளில்லாததால் அந்த நேரம் ஆடுபவளிடமே இருந்தது. 2017இல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியத்தின் ஊதிய ஒப்பந்தம் பெண்களுக்கான தொகையைப் பல மடங்கு உயர்த்தியது. 2023இல் இந்திய மகளிர் லீக் ஏலத்தில் பெங்களூரு அணி பெர்ரியை 1.7 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மறு ஆண்டு அவ்வணி கோப்பை வென்றபோது தொடரிலேயே அதிக ரன் எடுத்தவர் அவர்தான். ஆனால் 2013க்குப் பின் ஆஸ்திரேலியாவுக்காக அவர் கால்பந்து ஆடவில்லை. எந்தக் கழகமும் கட்டளையிட்டுச் செய்ய முடியாததைப் போட்டி அட்டவணை ஓசையில்லாமல் செய்து முடித்தது.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பெண்கள் தம் ஆட்டத்துக்குக் கூலி பெறுவது நீண்ட காலப் போராட்டத்தின் பலன். அரியலூர்ப் பெண்ணுக்கு ஆட்டம் என்பது விடுதிச் சோறு, கல்லூரி இடம், ஒதுக்கீட்டில் ஒரு வேலை. லாட்டி டாடுக்கு இருந்த அவகாசம் அவளுக்கு இல்லை. அவள் கபடி என்று எழுதுகிறாள். கோகோவும் 400 மீட்டரும் அவளுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்பதை யாரும் இனி அறியப்போவதில்லை.