மின்சார பேஸ் கிதார்: மலிவு வகையும் உயர்தர வகையும்

சாதாரணக் கிதாரின் கனத்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் இவ்வாத்தியத்தை, 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் பெயரில் வெளியிட்ட காலந்தொட்டு அதன் உருவம் பெரிதும் மாறாதிருப்பதே, மலிவுப் பிரதிகள் பெருகுவதற்குப் பிரதான காரணமாயிற்று. ஃபெண்டர் நிறுவனமே 1982 முதல் 'ஸ்குவையர்' என்னும் பெயரில், முதலில் ஜப்பானிலும் பின்னர் வேறு ஆசிய தேசங்களிலும், அவ்வுருவத்தைக் குறைந்த விலைக்குச் செய்வித்து வருகிறது.

இருவகையிலும் தந்தியின் அதிரும் நீளம் பெரும்பாலும் 34 அங்குலமே. விலையின் ரகசியம் மரத்தில் இருப்பதாகப் பலர் கருதுவர். ஆல்டர், ஆஷ் மரங்களுக்குப் பதிலாகப் பாப்லர் முதலியன மலிவு வகையில் இடம்பெறுவதும் உண்மையே. ஆயினும் பிக்கப் எனப்படும் காந்தச்சுருள் தந்தியின் அசைவையே மின்னலையாக மாற்றுவதால், மரத்தைக் காட்டிலும் கழுத்தின் உறுதி, பிருடைகளின் பிடிப்பு, மின்சுற்றின் இரைச்சலின்மை, ஃபிரட் என்னும் உலோக மெட்டுகளின் செம்மை ஆகியவற்றிலேயே தொழிலாளியின் சிரத்தை புலனாகும். சரிவர உலராத கழுத்து வறண்ட பருவத்தில் சுருங்க, மெட்டுகளின் முனைகள் வெளியே நீண்டு விரலைக் கீறுவது மலிவு வாத்தியங்களில் அடிக்கடி காணும் குறை. நல்ல அரத்தால் ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும் குறையுமாம்.

1976இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் 'ஸ்டிங்ரே' பேஸ் பிரபலப்படுத்திய, மின்கலத்தால் இயங்கும் உள்பெருக்கி ஒருகாலத்தில் உயர்தர வகையின் லக்ஷணமாக இருந்தது. இப்பொழுது மலிவு வகையிலும் அது சகஜம்.