வெறும் வயிற்றின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தின் வெள்ளிக்கிழமையொன்றில், விடியற்காலைத் திருப்பலியின்போது நாம் ஒரு மறையுரை ஆற்றினோம். வெள்ளிதோறும் காலை உணவைத் துறந்து, அதற்கு ஆகும் செலவை ஏழைகளுக்கென ஒதுக்கி வைப்போம் என்பதே அதன் சாரம். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற நிறைவோடு ஆலய வாயிலில் நின்றுகொண்டிருந்தோம். காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்லும் பெண் ஒருவர், தோளில் பையும் கையில் மதியச் சோற்று டப்பாவுமாக அருகில் வந்தார். "சாமி, நாங்க தெனமும் காலையில சாப்பிடறதில்லையே. தவக்காலத்துக்கு நாங்க எதை விடறது?" என்று கேட்டார். அதற்குள் திருவண்ணாமலைச் சாலையில் கம்பெனி வண்டியின் ஒலி கேட்கவே, வணக்கம் சொல்லிவிட்டு ஓடிப்போனார். நாம் மறுமொழியின்றி நின்றோம்.

அதே வாரம் மற்றொரு வீட்டில் வேறொரு வழக்கு நம்மிடம் வந்தது. வேலூருக்குக் கல்லூரி செல்லும் மகள், உடல் எடை குறைய வேண்டும் என்று காலையில் எதையும் உண்ணாமல் கிளம்பிவிடுகிறாள் என்று தாய் முறையிட்டார். "காலையில வயித்தைக் காயப்போட்டா உடம்பு ஊதித்தான் போவும்" என்றார் பாட்டி. "அதெல்லாம் இல்ல ஆயா, கொழுப்பு கரையும்" என்றாள் பேத்தி. இருவரும் நம் முகத்தையே பார்த்தனர். அன்றும் நம்மிடம் விடை இல்லை.

ஒரே வெறும் வயிறு. ஆலயத்தில் அதன் பெயர் ஒருசந்தி; கல்லூரி மாணவியிடம் அதன் பெயர் டயட்; தொழிற்சாலை வண்டிக்கு ஓடும் பெண்ணிடம் அதன் பெயர் பட்டினி. இம்மூன்றும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று அறிய வரலாற்றின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தோம். கண்டதை வாசகரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காலையில் உண்ண வேண்டும் என்பது எக்காலத்திலும் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதியன்று. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசிர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில், குளிர்காலத்தில் நாளின் முதல் உணவே பிற்பகல் மூன்று மணியளவில்தான். தவக்காலத்திலோ மாலைச் செபத்திற்குப் பின்னர்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் போசனப்பிரியத்தின் வகைகளைப் பட்டியலிட்டபோது, உரிய நேரத்திற்கு முன்னரே அவசரப்பட்டு உண்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். ஆனால் நோன்பைப் பற்றி எழுதிய இடத்தில் அதே புனிதர், வளரும் பருவத்துச் சிறுவரையும், போதிய உணவு கிடைக்காத ஏழைகளையும் நோன்புக் கடமையிலிருந்து விலக்கினார். கடும் உழைப்பால் நோற்க இயலாத தொழிலாளரின் நிலையையும் கருதிப் பார்த்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரக்கம் நம் மறையுரையில் இல்லாமற்போயிற்றே என்று படிக்கும்போது வெட்கினோம்.

நம் மூத்தோருக்கு வெறும் வயிறு பழக்கமானதே. நற்கருணை வாங்க விரும்புவோர் நள்ளிரவு முதல் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தலாகாது என்ற சட்டம் பல நூற்றாண்டுகள் நிலவியது. எட்டு மணிப் பூசைக்கு வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் வந்தவர்கள், பூசை முடிந்து வீடு திரும்பிய பின்னரே வாய் நனைத்தனர் என்று எம் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1953 சனவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் அருந்துவது நோன்பை முறிக்காது என அறிவித்தார். 1957-இல் அவரே திட உணவுக்கு மூன்று மணி நேரம், பானங்களுக்கு ஒரு மணி நேரம் எனக் குறைத்தார். 1964 நவம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல், நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் போதும் என்றார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் முதியோரையும் நோயாளரையும் அவர்களைப் பேணுவோரையும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்தும் விடுவித்தது. நோன்புச் சட்டத்தின் போக்கு காலந்தோறும் எத்திசையில் சென்றுள்ளது என்பது இதனால் விளங்கும்.

தமிழ் மண்ணின் கதை வேறு. இங்கே உழவருக்கு விடியலில் கிடைத்தது முந்தின நாள் சோற்றில் நீர் ஊற்றி வைத்த பழையது. அல்லது கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ். வட ஆர்க்காட்டு மானாவாரி நிலத்தில் கேழ்வரகே பலருடைய வயிற்றைக் காத்தது. இட்லியும் தோசையும் பல ஏழை வீடுகளில் பண்டிகைக்கு மட்டும் உரியவையாய் இருந்தன. அவை அன்றாடச் சிற்றுண்டியானது அண்மைக் காலத்தில்தான். வள்ளுவரோ ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வேளைக் கணக்கைப் பேசவில்லை. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின் அளவறிந்து உண்க என்பதே அவர் காட்டிய நெறி.

அப்படியானால், நாளின் தலையாய உணவு காலை உணவே என்ற முழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்னும் ஊர். அங்கே ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவர் ஓர் உடல்நல இல்லத்தை நடத்தினார். அவருடைய தம்பி 1906-இல் சோளச் செதில் உணவை விற்பதற்கு நிறுவனம் தொடங்கினார். 1917-இல், கெல்லாக் மருத்துவர் ஆசிரியராயிருந்த உடல்நல இதழில் லென்னா கூப்பர் என்ற உணவியலாளர், பல வகையில் காலை உணவே நாளின் முதன்மையான உணவு என்னும் கருத்துப்பட எழுதினார். 1920-களில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர வல்லுநர், பன்றி இறைச்சி நிறுவனம் ஒன்றின் விற்பனையைப் பெருக்க, கனமான காலை உணவே நல்லது என மருத்துவர்களைச் சொல்லச் செய்து அதைச் செய்தித்தாள்களில் பரப்பினார். வேடிக்கை யாதெனில், இதே அமெரிக்காவில் 1900-இலேயே எட்வர்ட் ஹூக்கர் டூயி என்ற மருத்துவர், காலை உணவை அறவே விடுவதே நலத்திற்கு வழி என்று நூல் எழுதி ஆதரவாளர்களையும் திரட்டியிருந்தார். பாட்டியும் பேத்தியும் நம் முன் நடத்திய வழக்கு நூறாண்டுப் பழமை உடையது!

இனி அறிவியல் என்ன சொல்கிறது எனக் காண்போம். நாம் அசையாமல் படுத்திருந்தாலும் இதயமும் மூளையும் ஈரலும் எரிபொருளைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. வளர்சிதை மாற்றம் என்று பாடநூல்கள் கூறுவதன் பெரும்பகுதி இதுவே. இரவில் நாம் உறங்கும்போது, ஈரல் தன்னிடம் சேமித்த மாவுச்சத்தை மெல்ல மெல்ல இரத்தத்தில் விடுகிறது. கொழுப்பும் உடன் எரிகிறது. காலையில் உண்ணாவிட்டால் இந்த ஏற்பாடு இன்னும் சில மணி நேரம் நீடிக்கிறது, அவ்வளவே. அடுப்பு அணைந்துவிடுவதில்லை.

காலையில் உண்ணாதோர் பருமனாய் இருக்கிறார்கள் என்று முன்பு பல கணக்கெடுப்புகள் காட்டின. ஆனால் உண்ணாதோரிடம் குறைந்த தூக்கம், புகைப்பழக்கம், ஒழுங்கற்ற வாழ்க்கை போன்ற வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். அதனால் மக்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை உண்ணச் செய்தும் மறு பிரிவினரை உண்ணாதிருக்கச் செய்தும் சோதித்தனர். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் மெலிந்த உடலினரிடம் ஆறு வாரம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. காலை உணவை விட்டவர்களின் ஓய்வுநிலை வளர்சிதை மாற்றம் குறையவில்லை. அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முந்நூறுக்கு மேற்பட்டோரிடம் பதினாறு வாரம் சோதித்தும் இரு பிரிவினரின் எடை இழப்பில் வேறுபாடு தோன்றவில்லை. 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இத்தகைய 13 ஆய்வுகளைத் தொகுத்தனர். காலை உணவு உண்டோர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 260 கலோரி கூடுதலாக உண்டனர்; அவர்களின் எடை சராசரியாக 0.44 கிலோ கூடுதலாக இருந்தது. அரை கிலோவுக்கும் குறைவான இவ்வேறுபாட்டைப் பெரிதுபடுத்தலாகாது என்பதோடு, ஆய்வுகள் குறுகிய காலத்தவை, தரத்தில் குறைந்தவை என்பதையும் அவர்களே எச்சரித்தனர்.

ஆக, பாட்டி சொன்னதும் முழு உண்மையன்று. பேத்தி நம்பியதும் முழு உண்மையன்று. காலை உணவை விட்டதால் மட்டும் உடல் ஊதுவதுமில்லை. விட்டதால் மட்டும் கொழுப்பு கரைவதுமில்லை. நாள் முழுவதும் எவ்வளவு உண்டோம், எவ்வளவு உழைத்தோம் என்பதே எடையைத் தீர்மானிக்கிறது. காலையில் விட்டதைப் பதினொரு மணிக்கு வடையும் டீயுமாக ஈடுசெய்தால் கணக்கு நேராகிவிடும்.

எனினும் பாட்டியின் அச்சத்திற்கு ஒரு வேர் உண்டு. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்களை அவர்களின் இசைவோடு இருபத்து நான்கு வாரம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரால் பசித்திருந்த மக்களுக்கு எவ்வாறு மறுவாழ்வு தருவது என்று அறிவதே நோக்கம். அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தனர், வளர்சிதை மாற்றம் பெருமளவு தாழ்ந்தது, உடல் குளிர்ந்தது, உள்ளம் சோர்ந்தது, உணவைத் தவிர வேறு நினைவற்றுப்போயினர். நீண்ட பட்டினியில் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது மெய்யே. ஒரு வேளையை விடுவது வேறு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அரை வயிற்றோடு வாழ்வது வேறு.

பாத் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. காலையில் உண்டவர்கள் உண்ணாதவர்களைவிடக் கூடுதலாக நடமாடினர், உழைத்தனர். மேசைமுன் அமர்ந்திருப்பவருக்கு இது சிறு வேறுபாடு. தையல் இயந்திரத்தின்முன் எட்டு மணி நேரம் காலணியின் மேற்தோலைத் தைப்பவருக்கு அவ்வாறு ஆகுமா?

நீரிழிவு உள்ளோரின் நிலையோ முற்றிலும் வேறு. இரண்டாம் வகை நீரிழிவுடையோரிடம் நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், காலை உணவை விட்ட நாளில் மதிய உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை மிகுதியாக ஏறியது. இன்சுலின் போடுவோரும் சிலவகை மாத்திரை உண்போரும் உணவை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழவும் கூடும். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் நோன்பிருத்தல் பக்தியன்று. இது நம் கணியம்பாடிக்குத் தொலைவான செய்தியும் அன்று. சாலையோரங்களில் மரத்தடியில் நோயாளரைக் கண்ட அம்மையார் ஐடா ஸ்கடரின் வழிவந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், பாகாயத்திலிருந்து நம் வட்டாரச் சிற்றூர்களில் நெடுங்காலமாகப் பணிபுரிகின்றனர். 1991-94-இலும் பின்னர் 2010-12-இலும் அவர்கள் ஆராய்ந்தபோது, வேலூர் நகரில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் நீரிழிவும் உடற்பருமனும் பெரிதும் உயர்ந்திருக்கக் கண்டனர். எடை பற்றிய அந்த மாணவியின் கவலை வீண் கவலையன்று; அவள் தேர்ந்த வழிதான் போதாது.

குழந்தைகளைப் பொறுத்தமட்டில் தமிழகம் நூறாண்டுக்கு முன்னரே விடை கண்டது. 1920-இல் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தையும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தையும் கொணர்ந்தனர். எனினும் பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளை மதியம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில், 1.14 இலட்சம் பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பெற்றது. 2023-இல் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 2024 சூலை 15, காமராசர் பிறந்தநாளில், ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கு அதை விரிவுபடுத்தும் விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் பள்ளி என்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும். அந்த உப்புமாவையும் கிச்சடியையும் பொங்கலையும் பிள்ளையின் எடையைக் கருதி யாரும் பரிமாறவில்லை. பசித்த பிள்ளையின் மனம் பாடத்தில் நில்லாது என்பதற்காகவே பரிமாறினர்.

பிள்ளைக்குப் பள்ளியில் உணவு உண்டு. அப்பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி, கணவருக்கும் மாமியாருக்கும் சமைத்து வைத்துவிட்டு, தான் மட்டும் வெறும் டீயோடு வண்டிக்கு ஓடும் தாய்க்கு? அவருடைய வெறும் வயிறு நோன்பன்று. ஏனெனில் அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. விடுதல் என்பது இருப்பவர் செய்யக்கூடிய செயல். இல்லாதவரிடம் அதைக் கேட்பது அவர்மீது இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில் நாம் வேறு மறையுரை ஆற்றினோம். "வீட்டில் காலையில் உண்ணாமல் வேலைக்குப் போகிறவர் யார் என்று ஒவ்வொருவரும் பாருங்கள். அவர் உட்கார்ந்து உண்ணும்படி, கால் மணி நேர வேலையை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இதுவே இவ்வீட்டின் ஒருசந்தி" என்றோம். கல்லூரி மாணவியிடம், காலையில் இரண்டு இட்லி உண்பதா விடுவதா என்பதைவிட, மாலையில் வாங்கித் தின்னும் பொட்டலங்களையும் நடக்காத தூரத்தையும் எண்ணிப் பார்க்கச் சொன்னோம். பாட்டி வெற்றி பெற்றவர்போல் சிரித்தார், நாம் மறுக்கவில்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத தம் சீடர்களை விடியற்காலையில் சந்தித்தார். கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, முதலில் அவர்களை உண்ண அழைத்தார். பேதுருவிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் உண்டு முடித்த பின்னரே கேட்டார். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று நாம் சொல்லாமல் விட்ட மறுமொழி இதுதான்: "அம்மா, நீங்கள் எதையும் விட வேண்டாம். முதலில் சாப்பிடுங்கள்."