தண்டும் பேட்டையும்: குடியிருக்க எப்பக்கம்?

பெங்களூருக்குப் புதிதாக அலுவல் ஏற்று வரும் தமிழன்பர் நம்மவரிடம் கேட்கும் முதல் வினா ஒன்றுண்டு. ‘ஊரில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?’ என்பதே அது. வாடகை எவ்வளவு, முன்பணம் ஐந்து மாதமா பத்து மாதமா, குழாயில் காவிரி நீர் வருமா, பிள்ளைகளுக்குப் பள்ளி அருகில் உண்டா என்பனவெல்லாம் அதன் பின்னரே எழுகின்றன.

இவ்வினா நேற்றுப் பிறந்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நகருக்கு வந்த தமிழரில் ஒவ்வொரு தலைமுறையினரும் இதனைக் கேட்டிருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளே இன்று தமிழர் வாழும் பகுதிகளை வகுத்தன. ஆகவே, வீட்டுத் தரகர் எவரும் சொல்லாத செய்தியொன்றை, அதாவது இவ்வூரின் இரு பக்கங்களுடைய வரலாற்றை, இவ்வாண்டு மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

இரு நகரம் எழுந்த வரலாறு

கெம்பே கௌடர் 1537-ஆம் ஆண்டில் கோட்டையும் பேட்டையுமாக நிறுவிய ஊர் இன்றைய நகரின் மேற்குப் பக்கத்தில் உள்ளது. சிக்குப்பேட்டை, பளேப்பேட்டை, அரளேப்பேட்டை என்னும் பெயர்கள் அப்பழைய வணிக ஊரை இன்றும் நினைவூட்டுகின்றன. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டினத்தில் நிறுத்தினர். அங்கே நோய் மிகுந்தமையால், 1809-ஆம் ஆண்டளவில் அப்படையைப் பெங்களூருக்கு மாற்றினர். அல்சூர் ஏரியை அடுத்து, பேட்டைக்குக் கிழக்கே, படைவீடு எழுந்தது. கண்டோன்மெண்ட் என்று ஆங்கிலத்தில் வழங்கிய அதனைக் கன்னட மக்கள் ‘தண்டு’ என்றனர்.

அப்படை சென்னை மாகாணத்துப் படை. படைவீரரோடு அவர்க்குச் சமைப்போர், துணி வெளுப்போர், தைப்போர், தானியம் விற்போர், கட்டடம் கட்டுவோர் எனப் பெருந்திரளான தமிழர், பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் வந்தனர். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. ஆயினும் இன்றைய பெங்களூர்த் தமிழரிற் பலருடைய முன்னோர், இப்படையின் பின்னே மூட்டையோடும் முடிச்சோடும் நடந்து வந்தவரே. எப்பக்கம் குடியிருப்பது என்று அவர்கள் ஆராயவில்லை. கூலி கிடைத்த பக்கமே குடியிருந்த பக்கமாயிற்று.

1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து வந்த இருப்புப்பாதை, தண்டுப் பக்கத்து நிலையத்திலேயே வந்து முடிந்தது. பேட்டைப் பக்கத்து நிலையம் அதன் பின்னரே ஏற்பட்டது. சென்னையிலிருந்து வரும் தமிழன் முதலிற் கால் வைக்கும் இடமே தமிழ் பேசும் இடமாக இருந்தது. அங்கேயே ஓர் அறை கிடைத்துவிட்டால், பூங்காவுக்கு அப்பால் ஊர் எப்படியிருக்கும் என்று அறிய அவனுக்குத் தேவையும் இல்லை.

வேலி இன்றி நின்ற எல்லை

1862-இல் பேட்டைக்கும் தண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் அமைந்தன. 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினர்க்கு அளிக்கப்பட்டபோது, தண்டு மட்டும் ‘சிவில் அண்டு மிலிடரி ஸ்டேஷன்’ என்னும் பெயரில் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆட்சியில் நின்றது. அதன் பயனாக, ஒரே ஊரில் வாழ்ந்தோர் இரு அரசின் கீழ் வாழ்ந்தனர். வரியும் காவலும் நீதிமன்றமும் இரு பக்கமும் வெவ்வேறு. இடையே மதிலோ வேலியோ இல்லை; 1870-இல் அமைந்த கப்பன் பூங்காவின் மரங்களே எல்லைபோல் நின்றன.

அவ்வெல்லையிலேயே நம்மவர் ஒருவரின் பணியும் நிற்கின்றது. தண்டில் ஒப்பந்தக்காரராகப் பொருளீட்டிய ஆற்காடு நாராயணசாமி முதலியாரே, 1868-இல் நிறைவுற்ற அட்டாரா கச்சேரியைக் கட்டியவர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் செங்கட்டடம் அதுவே. ஈட்டிய பொருளைக் கொண்டு 1873-இல் அவர் பள்ளியொன்றையும் தொடங்கினார். பிழைக்க வந்த இடத்தில் பிறர் பிள்ளைகளுக்கும் கல்வி அளிக்க முனைந்த அவர் உள்ளம் போற்றத்தக்கது.

தண்டுப் பக்கம் மக்கள் தொகையிற் பேட்டையை விஞ்சி நின்றது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பேட்டையில் 69,447 பேரும் தண்டில் 89,599 பேரும் வாழ்ந்தனர். தண்டின் கடைத்தெருக்களில் தமிழே பேச்சு மொழி. அங்கே பிறந்து, வளர்ந்து, மணம் முடித்து, முதுமையெய்திய தமிழர் பலர்க்குக் கன்னடம் கற்கும் தேவையே நேரவில்லை. இஃது அவர்க்கு வாய்ப்பாகத் தோன்றியது. இது குறையுமாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நோயும் நீரும் வகுத்த தெருக்கள்

1891-இல் இரு பக்கமும் சேர்ந்து 1,80,366 ஆக இருந்த மக்கள் தொகை, 1901-இல் 1,59,046 ஆகக் குறைந்தது. இடையே 1898-இல் வந்த பிளேக் நோயே இதற்குத் தலையாய காரணம். எலி இறந்து விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு மக்கள் வெளியேறினர். வெளிச்சமும் காற்றும் புகாத சந்துகளில் நெருங்கி வாழ்ந்தோரே மிகுதியாக மடிந்தனர். ஒரு வீட்டின் வாடகையைவிட அதன் சன்னல் பெரிது என்னும் உண்மையை, இந்நகரம் அன்று பெருவிலை கொடுத்துக் கற்றது.

நோய்க்குப் பின்னர் இரு பக்கமும் ஊர் விரிந்தது. பேட்டைப் பக்கத்தில் மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடும், வீட்டின் பின்னே துப்புரவுச் சந்துகளோடும் வளர்ந்தன. தண்டுப் பக்கத்தில் 1910-ஆம் ஆண்டளவில் பிரேசர் டவுன் உருவாயிற்று. எலி புகாதவாறு வீடு கட்டுவது அங்கே ஒரு விதியாகவே கருதப்பட்டது.

நீரின் கதையும் இதனோடு தொடர்புடையது. தண்டின் நீர்த்தேவைக்காக 1882-இல் சாங்கி ஏரி வெட்டப்பட்டது. 1896 முதல் ஏசரகட்டா ஏரியின் நீர் குழாய் வழியே வந்தது. அந்நீர் இரு பக்கத்தார்க்கும் பொதுவாயிற்று. ஆட்சி இரண்டாகப் பிரித்த ஊரைக் குழாய் ஒன்றாகச் சேர்த்தது எனலாம். பேட்டையின் தருமாம்புதி ஏரி பிற்காலத்தில் வறண்டது. இன்று அவ்விடத்தில் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் உள்ளது.

மேற்குப் பக்கம் சென்ற தமிழர்

தமிழர் எல்லாரும் தண்டிலேயே தங்கிவிட்டனர் என்று கருதுதல் பிழை. 1884-இல் தொடங்கிய நூற்பாலை, பின்னர் பின்னி ஆலை என்று பெயர் பெற்று, மேற்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்தது. ஆலைச் சங்கு கேட்கும் தொலைவில் வீடு வேண்டும் என்பதே ஆலைத் தொழிலாளர் கணக்கு. ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருகின.

படித்து அலுவல் ஏற்றோர் மல்லேசுவரத்தையும் பசவனகுடியையும் நாடினர். டாடா இன்ஸ்டிடியூட் என்று மக்கள் வழங்கும் இந்திய அறிவியற் கழகம் 1909-இல் நிறுவப்பட்டது. 1933-இல் அதன் இயக்குநராக வந்த சர் சி. வி. இராமன், பின்னர் மல்லேசுவரத்தில் இல்லம் அமைத்துக்கொண்டார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அப்பேரறிஞர் இறுதி வரையில் பெங்களூரையே தம் ஊராகக் கொண்டார்.

மேற்குப் பக்கத்து வாடகை வீடுகளில் ஒருவகை, கன்னடத்தில் ‘வட்டார’ எனப்படுவது. ஒரே முற்றம், ஒரே குழாய், சுற்றிலும் வரிசையாக ஏழெட்டுக் குடித்தனங்கள். அங்கே குடிபுகுந்த தமிழ்ப் பெண், குடம் நிரம்புவதற்குள் நாலு கன்னடச் சொற்களைக் கற்றாக வேண்டும். குழாயடியில் முறை தவறினால் சண்டைக்கும் கன்னடம் வேண்டும். மறுநாள் சமாதானத்துக்கும் கன்னடம் வேண்டும். பள்ளிக்கூடம் செய்ய முடியாததை அம்முற்றங்கள் செய்தன.

ஒன்றான ஊரும் இரண்டான உள்ளமும்

1947 சூலை 26-ஆம் நாள் தண்டு மீண்டும் மைசூர் அரசிடம் சேர்ந்தது. 1949-இல் இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. சட்டத்தில் எல்லை அழிந்தது. ஆனால் சொல்லில் அழியவில்லை. அல்சூரில் வாழும் முதியவர் சிக்குப்பேட்டைக்குப் புறப்படும்போது ‘சிட்டிக்குப் போகின்றேன்’ என்று இன்றும் கூறக் கேட்கின்றோம். தாம் இருப்பது வேறு ஊர் என்னும் நினைவு அச்சொல்லில் ஒளிந்திருக்கின்றது.

பின்னர் வந்தோர்க்குத் தொழிற்சாலைகளே திசை காட்டின. 1940-இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொடங்கிய தொலைபேசித் தொழிற்சாலையும் கிழக்கே. 1953-இல் எழுந்த எச்.எம்.டி.யும், 1954-இல் எழுந்த பாரத் எலக்ட்ரானிக்சும் வடமேற்கே சாலகல்லியில். கணிப்பொறித் தொழில் பெருகியபோது ஒயிட்பீல்டும் எலக்ட்ரானிக் சிட்டியும் புதிய திசைகளாயின. ஆயினும் இன்று வரும் இளைஞரும் அலுவலகத்தின் தொலைவைக் கணக்கிட்ட பின்னர், ‘அங்கே நம்மவர் இருக்கின்றார்களா?’ என்று தாழ்ந்த குரலில் வினவத் தவறுவதில்லை.

அவ்வினாவின் பின்னே ஓர் அச்சம் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. காவிரி நடுவர் மன்றம் 1991 சூனில் அளித்த இடைக்கால ஆணையைத் தொடர்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் இந்நகரில் கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. எளிய உழைப்பாளர் குடியிருப்புகளே பெரிதும் துன்புற்றன.

நாம் அக்காலத்தில் மேற்குப் பக்கத்து வட்டாரக் குடித்தனம் ஒன்றில் இருந்தோம். அன்று மாலை வீட்டுக்கார அம்மையார் தெருக்கதவைச் சாத்தி, அதன் முன் முக்காலி ஒன்றைப் போட்டு அமர்ந்தார். கூட்டமாய் வந்தோர் வினவியபோது, ‘உள்ளே இருப்பவர் என் பிள்ளைகள்’ என்று கன்னடத்தில் விடையிறுத்தார். வாடகை இரண்டு நாள் தாழ்ந்தால் எம்மோடு கடுமையாகப் பேசும் அம்மையார் அவர். அதே இரவில், நூறு தமிழ்க் குடும்பங்கள் நடுவே கிழக்குப் பக்கம் வாழ்ந்த நம் உறவினர், விளக்கை அணைத்துவிட்டு விடியுமளவும் விழித்திருந்தனர். அவர்கட்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அவர்கள் தெருவில் கதவின் முன் அமர ஒரு கன்னடத் தாய் இல்லை. அவர்கள் யாரோடும் அவ்வளவு பழகியிருக்கவில்லை.

இதனால் நம்மவர் சேர்ந்து வாழ்தல் தவறு என்று கூற வரவில்லை. ஊருக்குப் புதியவனுக்கு முதல் மாத அரிசியைக் கடனாகத் தருவதும், வேலைக்குச் சொல்லி வைப்பதும், நோயுற்றால் கஞ்சி கொண்டு வருவதும் தமிழ்த் தெருவே. அத்தெருக்கள் இல்லையேல் 1950-இல் நம் சங்கமும் தோன்றியிராது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டே நின்றது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின்னர்ச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு கதவுகளும் ஒருங்கே திறந்தபோதே நம் திரை விலகியது என்பது எண்ணத்தக்கது.

வீடு தேடும் அன்பர்க்கு

ஆகவே, எப்பக்கம் என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை எளிதாகவே உள்ளது. அலுவலகத்தின் தொலைவைக் கணக்கிடுக. குழாயில் நீர் வரும் நாளைக் கேட்டறிக. சன்னலைத் திறந்து வெளிச்சம் பார்க்க. போக்கியமாயினும் மாத வாடகையாயினும் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்திடுக. நம்மவர் உள்ள தெரு கிடைத்தால் மகிழ்க, கிடைக்காவிடில் அஞ்சற்க. ஆனால் எப்பக்கம் குடியேறினும், முதல் மாத வாடகை கொடுக்கும் நாளிலேயே பக்கத்து வீட்டாரிடம் நாலு சொல் கன்னடத்திற் பேசத் தொடங்குக.

2016 ஏப்ரல் இறுதியில் மெட்ரோ இரயிலின் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. கிழக்கிலிருந்து வரும் வண்டி, கப்பன் பூங்காவை அடுத்து நிலத்தின் கீழே இறங்கி, மெஜஸ்டிக் வழியாக மேற்கே செல்கின்றது. தண்டுக்கும் பேட்டைக்கும் இடையே ஆட்சிகள் வகுத்த எல்லையை அது சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றது. வண்டி கடந்த எல்லையை நம் உள்ளமும் கடத்தல் வேண்டும். அதன் பின்னர் எப்பக்கம் வீடு கிடைத்தாலும் அது நம் ஊரே.